விசில் கேட்டால் வரணும்

ஜூன் 3

தம்பிக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. அப்பாவை அடக்கம் செய்த மறுநாள் வாசலில் நின்று நீ சொன்னதை நான் மறக்கவும் இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்கத்தான் இந்தக் கடிதம். நீ இங்கே வந்திருக்கிறாயா?

போனில் கேட்டிருப்பேன். நீ வேலை பார்க்கும் மலைக்குள் டவர் கிடையாது. டவர் இருந்தாலும் என் நம்பரைப் பார்த்தால் நீ எடுக்க மாட்டாய்.

அப்பா போனதிலிருந்து ஏரியின் நாணல் வளைவை நாடா கட்டி மூடி வைத்திருந்தார்கள். போன வாரம்தான் மாவட்ட அலுவலகம் திறக்கச் சொன்னது. பூங்காவின் பாதைகளைக் கூட்டுவதும் புல் வெட்டுவதும் சாயங்காலம் பூட்டுவதும் என் வேலை என்பதால், பிடிக்கிறதோ இல்லையோ அந்த வளைவுக்கு நான் போய்த்தான் ஆக வேண்டும். நேற்று பூட்டுவதற்கு முன்னால் மஞ்சள் அம்புப் பாதையில் ஒரு சுற்று போனேன். 'எளிய நடைபாதை. முதியவர்களும் குழந்தைகளும் பயமின்றி நடக்கலாம்' என்று நானே பெயின்ட் அடித்து எழுதிய பலகை இன்னும் அங்கேதான் நிற்கிறது. அதைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. குருவிகள் அடைய வந்து நாணல் முழுக்க ஒரே இரைச்சல். அந்த இரைச்சலுக்கு நடுவில் விசில் கேட்டது. நம் வீட்டு விசில். தாழ்ந்து ஒன்று, எகிறி ஒன்று. அப்பா மர அறுவை மில்லில் வேலை பார்த்தாரே, அறுவை வாளின் சத்தத்தில் மனுஷக் குரல் எடுபடாது என்று பழகிய விசில். அதையே வீட்டுக்கும் கொண்டுவந்து நம்மை மேய்த்தார்.

நான் கையிலிருந்த குப்பைப் பையைக் கீழே போட்டேன். யோசித்துப் போடவில்லை. விசில் கேட்டால் கையில் எது இருந்தாலும் போட்டுவிட்டு வரணும் என்றுதானே நம்மை வளர்த்திருக்கிறார். கால் பாதையைவிட்டு இறங்கிவிட்டது. செருப்பு சேற்றில் புதைந்தபோதுதான் அவர் இல்லை என்பதே நினைவுக்கு வந்தது.

மறுபடி அடித்தது. இந்த முறை காது கொடுத்துக் கேட்டேன். கடைசியில் ஒரு வழுக்கல், காற்று நழுவிக் கீழே இறங்கியது. அப்பாவுக்கு அப்படி வராது. எனக்கும் வராது. ஊஞ்சலிலிருந்து விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டவன் ஒருவனுக்குத்தான் அது வரும்.

"டேய், வெளிய வாடா" என்று கத்தினேன். பூங்கா வாசல் வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் ஓடினேன். இந்த வயதில் நான் ஓடியதைப் பார்த்துப் படகுக்காரர் துடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

நீயாக இருந்தால் இத்தோடு நிறுத்திக்கொள். என்மேல் கோபம் என்றால் கதவைத் தட்டி முகத்துக்கு நேராகத் திட்டு. பாப்பாவுக்கு ஆறு வயசுதான் ஆகிறது. அவள் காதில் இது விழுந்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

அக்கா


ஜூன் 11

அக்காவுக்கு,

இங்கே தபால், உருளைக்கிழங்கு, டீசல் மூன்றும் வாரம் ஒருமுறை ஒரே லாரியில் ஏறி வரும். உன் கடிதத்தில் டீசல் வாடை. பிரித்தால் உள்ளேயும் பற்றிக்கொண்டு எரிகிறது.

நான் வரவில்லை. வருஷம் முழுக்க மலையைக் குடைந்துகொண்டிருக்கிறோம். சுரங்கத்துக்குள் காற்று ஊதும் மிஷின் என் பொறுப்பு. அது நின்றால் உள்ளே இருப்பவர்கள் மூச்சுவிட முடியாது. இதை விட்டுவிட்டு, இரண்டு பஸ் ஒரு ரயில் மாறி வந்து, நாணலுக்குள் குந்தி உட்கார்ந்து உன்னைப் பயமுறுத்த எனக்கென்ன கிறுக்கா?

அன்று வாசலில் சொன்னதை நானும் மறக்கவில்லை. "ஒரு மனுஷனப் பாத்துக்க முடியலியா உன்னால" என்று கேட்டேன். இன்றைக்கும் அதையேதான் கேட்கிறேன். அந்தக் கரை வழுக்காது. நான் போய் மிதித்துப் பார்த்தேன். ஈர மரக்கட்டை மேல் நாள் முழுக்க நடந்து பழகியவர், பாதையைவிட்டு இறங்கித் தண்ணீருக்குள் போயிருக்கிறார். எதற்குப் போனார்? அப்போது நீ எங்கே இருந்தாய்? அதற்கு இன்றுவரை பதில் வரவில்லை. இப்போது விசில் கேட்கிறதாம். மனசு குறுகுறுத்தால் காதுக்குள் எல்லாமும்தான் கேட்கும்.

தம்பி

இதோடு மடித்து ஒட்டிவிட்டேன். ஒட்டியதைப் பிரித்து எழுதுகிறேன். நாணல் என்றால் எந்த இடம்? பெஞ்சுக்கு எதிரிலா, பழைய படகுத்துறைப் பக்கமா? கடைசியில் வழுக்கியது என்று எழுதியிருக்கிறாயே, நிச்சயமாகவா? சும்மாதான் கேட்கிறேன். இங்கே ராத்திரி ஷிப்ட் முடிந்து சுரங்கத்தைவிட்டு வெளியே வரும்போது உன் கடிதம் ஞாபகம் வந்து தொலைக்கிறது.


ஜூன் 18

தம்பிக்கு,

நீ இல்லை என்று தெரிந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பயம்தான் கூடியது. நீ என்றால் திட்டலாம், அடிக்கலாம். நீயும் இல்லை என்றால் அது யார்?

தினமும் கேட்கிறது. வெயில் இறங்கும் நேரத்தில் தொடங்கி இருட்டியதும் நின்றுவிடுகிறது. சில நாள் பெஞ்சுக்கு எதிரில், சில நாள் பழைய படகுத்துறைக்குப் பின்னால். வழுக்கல் நிச்சயமாக இருக்கிறது. படகுக்காரரை ஒரு நாள் கூட்டிப்போய் நிறுத்தினேன். காதைச் சொறிந்துகொண்டு, "காத்து நாணல்ல பூந்தா ஆயிரம் சத்தம் வரும்மா" என்றார். காற்றுக்கு முன்பல் உடைந்திருக்குமா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. மறுநாள் முதல் அந்தப் பக்கம் கூப்பிட்டால் அவருக்கு வேறு வேலை இருக்கிறது.

பாப்பாவும் கேட்டுவிட்டாள். பூங்கா கேட்டை ஒட்டி எங்களுக்குக் கொடுத்திருக்கும் இரண்டு அறைக்கும் வளைவுக்கும் நடுவில் புல்வெளிதான் இருக்கிறது. காற்று இந்தப் பக்கம் அடித்தால் எல்லாம் கேட்கும். படம் வரைந்துகொண்டிருந்தவள் பென்சிலைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். "தாத்தா கூப்பிடுறாரு" என்றாள். மழை வருது என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். தாத்தா இல்லை, எங்கேயும் போகக் கூடாது என்றேன். "தாத்தாதானே சொன்னாரு, விசில் கேட்டா வரணும்னு. நீயும்தானே சொன்ன" என்கிறாள். அப்பாவுக்குப் பேரெல்லாம் மறந்துபோன பிறகு அவரைக் கூப்பிட அவளுக்கு விசில் அடிக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தானே. பேர் சொன்னால் திரும்பிப் பார்க்காத மனுஷன் விசிலுக்கு மட்டும் ஓடி வருவார் என்று நீ கண்டுபிடித்து வைத்தாய். நாங்கள் அதைப் பிடித்துக்கொண்டோம்.

கதவில் உள்தாழ்ப்பாளை மேலே ஏற்றி வைத்திருக்கிறேன். உன் அத்தான் லாரியோடு எல்லைக்குப் போயிருக்கிறார், திரும்ப நாளாகும். அவரிடம் போனில் சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார், வேலையும் போய்விடும்.

நீ கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இத்தனை நாள் சொல்லாதது ரோஷத்தால். பாப்பா ஓடிவந்து விழுந்து முட்டியில் ரத்தம். குழாய் கழிப்பறைப் பக்கம். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார், சந்தோஷமாகத்தான் இருந்தார். உட்கார்ந்திருங்க, வந்துடறேன் என்றேன். முட்டியைக் கழுவித் துணி கட்டித் திரும்பும்போது பெஞ்சு காலி. கைத்தடி மட்டும் கீழே கிடந்தது. அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. கைத்தடி இல்லாமல் படுக்கையிலிருந்துகூட இறங்க மாட்டார். அதைப் போட்டுவிட்டு எங்கே போவார்? இடுப்பளவு ஆழத்தில் நாணலுக்குள் கிடந்தவரை இழுத்தபோது இரண்டு செருப்பும் காலிலேயே இருந்தன.

அவ்வளவுதான். நீ வர வேண்டாம். உன் மிஷினைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 25

அக்கா,

உன் கடிதத்தை லாரிக்குப் பக்கத்திலேயே நின்று படித்தேன். போன கடிதத்தில் மனசு குறுகுறுப்பு என்று எழுதினேனே, அதை அடித்துவிடு.

பாப்பாவை வெளியே விடாதே. பள்ளிக்கூடம் இல்லாத நேரமெல்லாம் உன் கண்ணில் படும்படி வைத்துக்கொள். தாழ்ப்பாள் போதாது. கதவில் சத்தம் வருகிற மாதிரி ஒரு மணி கட்டு. சாயங்காலம் ரேடியோவைச் சத்தமாக வை.

இதை யாரோ ஒரு ஆள்தான் செய்கிறான் என்று எனக்குப் படுகிறது. நம்மை எங்கேயோ நின்று கவனித்திருக்கிறான். விசில் அடித்தால் நம் வீட்டில் எல்லாரும் ஓடி வருவோம் என்று தெரிந்து வைத்திருக்கிறான். பிள்ளை பிடிக்கிறவனாக இருக்கலாம். போலீசுக்குப் போ. சிரிப்பார்கள், சிரித்தால் சிரிக்கட்டும்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. போன லீவில் ஒரு மாதம் அப்பாவைச் சாயங்காலம் நான்தானே நடக்கக் கூட்டிப் போனேன். நீ அந்த நேரத்தில் புல் வெட்டும் மிஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாய். நாங்கள் ஒரு விளையாட்டு கண்டுபிடித்தோம். அவரைப் பெஞ்சில் விட்டுவிட்டு நான் பழைய படகுத்துறைக்குப் போய் நாணலுக்குப் பின்னால் மறைந்துகொள்வேன். விசில் அடிப்பேன். அவர் பாதையோடு வளைவைச் சுற்றி வந்து என்னைக் கண்டுபிடிப்பார். பிடித்ததும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பேர் தெரியாது, யாரென்றே தெரியாது, ஆனாலும் என் தோளில் கை போட்டு, "புடிச்சிட்டேன் பாத்தியா" என்பார். மறுபடி பெஞ்சு, மறுபடி விசில். இருட்டும்வரை சலிக்காமல் ஆடுவோம். அவரைத் தனியாக நடக்க விட்டேன் என்று தெரிந்தால் நீ என் தோலை உரித்திருப்பாய், அதனால்தான் சொல்லவில்லை. அவர் ஒரு தடவைகூடப் பாதையைவிட்டு இறங்கியதில்லை.

அவர் போனதிலிருந்து என் வாயில் விசில் வரவில்லை. உதட்டைக் குவித்தால் வெறும் காற்றுதான் வருகிறது. இங்கே சுரங்கத்தில் ஒருவரை ஒருவர் விசில் அடித்துத்தான் கூப்பிடுவார்கள். நான் இரும்புக் கம்பியால் குழாயைத் தட்டுகிறேன்.

உடனே பதில் போடு. லாரி வாரத்துக்கு ஒன்றுதான் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. நீ எழுதி, அது எனக்கு வந்து சேர்வதற்குள் அங்கே என்ன வேண்டுமானாலும் நடந்து முடிந்திருக்கும்.

தம்பி


ஜூலை 2

தம்பிக்கு,

பாப்பா நன்றாக இருக்கிறாள். முதலில் இதைப் படித்துவிட்டு மூச்சு விடு. மீதியை அப்புறம் படி.

நீ சொன்னபடி மணி கட்டினேன், ரேடியோ வைத்தேன். போலீஸ்காரர் வந்து நாணலை ஒரு குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். முந்தாநாள் வேனில் வந்த ஒரு குடும்பம் கழிப்பறைச் சாவி கேட்டுக் கதவைத் தட்டியது. சாவியை எடுத்துக்கொண்டு நானே போய்த் திறந்துவிட்டேன். உள்தாழ்ப்பாளை வெளியிலிருந்து போட முடியாது, கதவு மணி கழிப்பறை வரைக்கும் கேட்கவும் கேட்காது. திரும்பி வரும் வழியில் விசில் கேட்டது. காதைப் பொத்திக்கொண்டு வந்தேன். வாசற்படியில் பாப்பாவின் பொம்மை கிடந்தது.

கையில் இருந்ததைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. அவள் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினேன். நாணல் ஒரு இடத்தில் விலகி இருந்தது. தண்ணீர் அவள் நெஞ்சு வரை வந்திருந்தது, அப்போதும் முன்னாலேயே நடந்துகொண்டிருந்தாள். அழவில்லை. பயப்படவும் இல்லை. நான் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்ததும், "விடும்மா, தாத்தா கிட்டதான் இருக்காரு, இன்னும் கொஞ்சம்தான்" என்று திமிறினாள். அவளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டேன். சேறு என் காலை முழங்கால் வரை கவ்விப் பிடித்திருந்தது. அசைய முடியவில்லை. சுற்றிலும் நாணல், எந்தப் பக்கம் கரை என்றே தெரியவில்லை. அப்பாவும் இப்படித்தான் நின்றிருப்பார் என்று தோன்றியது. அந்த நேரத்தில் அந்த விசில் என் தலைக்கு மேலே அடித்தது.

நிமிர்ந்து பார்த்தேன். ஒரு நாணல் தண்டு வளைந்து, அதன்மேல் ஒரு மைனா. கருப்புத் தலை, பழுப்பு உடம்பு, மஞ்சள் மூக்கு. தொண்டையை உப்பவைத்து, தாழ்ந்து ஒன்று, எகிறி ஒன்று. என்னைப் பார்த்தபடியே இன்னொரு தடவையும் அடித்துக் காட்டியது. அடைய வந்த அத்தனை பறவைகளுக்கு நடுவில் அது ஒன்று. சாதாரணப் பறவை. நான் சிரித்தேனா அழுதேனா என்று படகுக்காரரைத்தான் கேட்க வேண்டும். என் கத்தலைக் கேட்டு அவர்தான் படகை நாணலுக்குள் செலுத்திக் கயிறு போட்டு எங்களை இழுத்தார்.

கைத்தடியை ஏன் போட்டார் என்று இப்போது தெரிகிறது. விசில் கேட்டது, போட்டுவிட்டுப் போனார். அவர் வழுக்கி விழவில்லை. நான் விட்டுப் போனதால் தடுமாறவும் இல்லை. கூப்பிட்டார்கள், போனார். இது யாருடைய தப்பும் இல்லை.

அது யாரிடம் கற்றது என்று நீ மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். என்னிடம்தான். வருஷக்கணக்கில் அந்தப் பாதையில் அப்பாவை விசில் அடித்துக் கூட்டிக்கொண்டு நடந்தது நான்தானே. பக்கத்தில் கேட்டபோது நன்றாகத் தெரிந்தது, என் விசில்தான் அது. சுத்தமாக, நேராக அடிக்கிறது. நீ எழுதியிருந்தாயே ஒரு விளையாட்டு, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அது அந்தப் பக்கம், இது இந்தப் பக்கம். அப்பா அவ்வளவு சந்தோஷமாக இருந்தார் என்று தெரிந்ததில் எனக்கும் சந்தோஷம்.

ஆனால் பயம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. பாப்பாவுக்குக் காய்ச்சல். மைனா என்று எத்தனை தடவை சொல்லியும் ஏறவில்லை. "மைனாவுக்கு எப்படிம்மா நம்ம விசில் தெரியும், தாத்தாதான் உள்ள இருக்காரு" என்கிறாள். காய்ச்சல் விட்டதும் போகணுமாம். அவள் விரலை என் சேலை முந்தானையில் முடிந்துகொண்டுதான் தூங்குகிறேன். வலை போட்டுப் பிடித்துவிடலாம் என்று படகுக்காரர் சொன்னார். சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் நேற்றுச் சாயங்காலம் ஜன்னலில் நின்று கேட்டபோது, பெஞ்சுப் பக்கம் ஒன்று அடித்தது. படகுத்துறைப் பக்கத்திலிருந்து இன்னொன்று பதில் சொன்னது.

இப்போது இரண்டு இருக்கின்றன, தம்பி. எத்தனைக்கு வலை போடுவது?

அக்கா


ஜூலை 9

அக்கா,

உனக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதில் நான் உடைத்த கண்ணாடியை நீ உடைத்ததாகச் சொல்லி அப்பாவிடம் மாட்டிக்கொண்டாயே, அன்றும் இப்படித்தான் தேவைக்கு மேல் நாலு வார்த்தை பேசினாய்.

உன் முதல் கடிதம் என் பெட்டியில்தான் இருக்கிறது. கடைசியில் ஒரு வழுக்கல், காற்று நழுவிக் கீழே இறங்கியது, அப்பாவுக்கு வராது, எனக்கும் வராது என்று எழுதியிருக்கிறாய். நான் நிச்சயமாகவா என்று கேட்டதற்கும் நிச்சயம் என்றாய். படகுத்துறை விளையாட்டை நான் எழுதிய பிறகுதான் அந்தப் பறவை திடீரென்று சுத்தமாக, நேராக அடிக்கிறது.

அது என் பல், அக்கா. ஒரு மாதம் தினமும் நாணலுக்குப் பின்னால் நின்று நான் அவற்றுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். நான் போன பிறகும் அவை விளையாட்டை விடவில்லை. அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், என் விசில் கேட்டது, என்னைக் கண்டுபிடிக்க எழுந்து போனார். நேர் எதிரில் கேட்டதால் வளைவைச் சுற்ற வேண்டியிருக்கவில்லை. இறங்கி நேராகப் போயிருக்கிறார். "புடிச்சிட்டேன் பாத்தியா" என்று சொல்லத்தான் போயிருக்கிறார். அதைத் தெரிந்துகொள்ளாமல் உன் வாசலில் நின்று உன்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு மிஷின் அறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கே இருக்கும் சத்தத்தில் ஒருவன் அழுவது யாருக்கும் கேட்காது.

நீ எதற்காக அப்படி எழுதினாய் என்று எனக்குத் தெரியும். அந்தப் பொய்யை நானும் நம்பியதாக வைத்துக்கொண்டால் எனக்கு நிம்மதி. ஆனால் பாப்பாவுக்கு ஆபத்து. நாணலுக்குள் தாத்தா இருக்கிறார் என்றுதானே அவள் போகிறாள். அது தாத்தா இல்லை, மாமா என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்ல அந்த மாமாதான் வர வேண்டும்.

லீவு வாங்கிவிட்டேன். மிஷினுக்கு மாற்று ஆள் வந்தாயிற்று. வந்ததும் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெஞ்சில் உட்காரப் போகிறேன். என் வாயை அவள் கையாலேயே பொத்தச் சொல்வேன். அப்புறம் அவை அடிக்கட்டும். பொத்திய வாய் பொத்தியபடி இருக்க, மாமாவின் விசில் எங்கிருந்து வருகிறது என்று அவளே நாணலுக்குள் தேடிக் கண்டுபிடிக்கட்டும், பெஞ்சைவிட்டு இறங்காமல். ஒரு நாளில் நம்பாவிட்டால் மறுநாளும் உட்காருவோம். நம் வீட்டில் இனிமேல் யாரும் யாரையும் விசில் அடித்துக் கூப்பிட வேண்டாம். பறவைகளை ஒன்றும் செய்யாதே. அவற்றுக்கு என்ன தெரியும்?

தைரியமாக எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்த நேரத்தை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பா செத்த இடத்திலிருந்து என் விசில் என்னையே கூப்பிடும். நீ கேட்டதும் இறங்கினாய், பாப்பா இறங்கினாள், நானும் அதே வீட்டில் வளர்ந்தவன்தான். என் காலும் இறங்கப் பார்க்கும். ரோட்டைக் கடக்கும்போது என் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வாயே, அதுபோல அன்றைக்கும் பிடித்துக்கொண்டு நில்.

வியாழக்கிழமை சாயங்காலப் பஸ்ஸில் வருகிறேன். பூங்கா வாசலில் இறங்குவேன். என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் விசில் அடித்துவிடாதே. பேர் சொல்லிக் கூப்பிடு. பெட்டியைக் கீழே போடாமல் நடந்து வருகிறேன்.

தம்பி